மூன்று கர்ப்பம்; மிச்சம் ஒரு குழாய்!



நான், திண்டுக்கல், நாகல் நகர் பகுதியில் வசிக்கும், 34 வயது குடும்பத் தலைவி. பிளஸ் 2 வரை படித்தவள். என் கணவர், வேடசந்தூர் அருகே, ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். எங்களுக்குத் திருமணமாகி, 10 ஆண்டுகள் ஆகின்றன. மூன்று முறை முழுகாமல் இருந்தேன், குழந்தை இல்லை.

'மலடி' என்று என்னைச் சொல்பவர்கள், தெருவில் உண்டு. தரித்தவளை எப்படி மலடி என்பது? எனக்குத் தரிக்கிறது, தங்க வேண்டிய இடத்தில் தங்குவதில்லை. மூன்று முறையும், கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கி விட்டது. 'டியூப் கர்ப்பம்' என்று, ஆஸ்பத்திரியில் சொல்வர். இப்போது, 'டெஸ்ட் டியூப் பேபி'க்குப் போகலாம் என்று, வீட்டில் பேச்சு நடக்கிறது.

இதைக் கேட்டதும், என் மாமியார் கேட்டது தான் வேடிக்கை. 'ஏத்தா... டியூப்புல தங்குன புள்ளைய ஆகாதுன்னு, மூணு தடவையும் அழிச்சாக. இப்ப அவுகளே, டியூப்புல புள்ள உண்டாக்கித் தர்றேங்கிறாக... இது என்ன கூத்து?' என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்து விட்டது. ஆனால், யோசித்துப் பார்த்தால், அவர் கேட்டதில் தப்பே இல்லை. படித்தவர்களே இரண்டையும் போட்டுக் குழப்புகின்றனர். அதனால், அத்தைக்குச் சொன்னதையே, உங்களுக்கும் சொல்கிறேன்.

கர்ப்பப்பையின் இரண்டு பக்கமும், கை நீட்டினாற் போல், இரண்டு குழாய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும், ஏறக்குறைய, 10 செ.மீ., நீளம் தான். முட்டையும், ஆணின் உயிரணுவும் சேர்வது, கர்ப்பப்பையில் அல்ல; இந்தக் குழாயில். சேர்ந்து உருவான கரு, மூன்று, நான்கு நாட்கள், குழாய்க்குள்ளேயே மெல்ல நகர்ந்து, கர்ப்பப்பைக்கு வந்து, அங்கே ஒட்டிக் கொள்ள வேண்டும். குழாயின் உள்பக்கம், பூனை முடி போல மெல்லிய இழைகள் உண்டு. அவை தான், கருவைத் தள்ளிக் கொண்டு வருகின்றன. இழைகள் கெட்டுப் போனாலோ, குழாய் எங்காவது ஒட்டிச் சுருங்கி இருந்தாலோ, கரு, பாதி வழியில் நின்று விடும்.

நின்ற இடத்தில் வளரவும் ஆரம்பிக்கும். அது தான் ஆபத்து. கர்ப்பப்பை விரிவது போல், குழாய் விரியாது. ஆறு, ஏழு, எட்டு வாரத்தில், வெடித்து விடலாம். ரத்தம், வயிற்றுக்கு உள்ளேயே கொட்டும். வெளியில் ஒன்றும் தெரியாது. நூறு கர்ப்பத்தில், ஒன்றிரண்டு இப்படி ஆகிறது என்கின்றனர்.

'அந்தக் கருவை, பத்திரமா எடுத்து, கர்ப்பப்பைக்குள்ள வச்சுட முடியாதா டாக்டர்?' என்று, என் அம்மா, ஒவ்வொரு முறையும் அழுது கொண்டே கேட்டார். முடியாது, அதற்கு, இன்று வரை வழி இல்லை. கருவை விட்டால் தான் தாய் பிழைப்பாள் என்ற நிலை. இதைக் 'கலைச்சுட்டா' என்று பேசுபவர்களைக் கண்டால், எனக்குப் பற்றிக் கொண்டு வரும்.

முதல் முறை, 2017ல். நாள் தள்ளி, 15 நாள். வீட்டிலேயே பரிசோதித்ததில், இரண்டு கோடு விழுந்தது. கோட்டை மாரியம்மனுக்கு நேர்ந்து கொண்டு, அத்தை, ஊருக்கெல்லாம் சொல்லி விட்டார். ஒரு வாரத்தில், வலது பக்க அடிவயிற்றில் வலி. கறுப்பாக, கொஞ்சம் கொஞ்சம் உதிரம். ஒரு கிளினிக்கில் காட்டினோம். 'கேஸ் தான். கர்ப்பத்துல இதெல்லாம் சகஜம்...' என்று, மாத்திரை கொடுத்து அனுப்பினர். ஸ்கேன் எழுதித் தரவில்லை. வலி குறையாததால், மதுரைக்கு அழைத்துப் போனார் என் கணவர். அங்கே, உள்வழியாக ஸ்கேன் செய்து பார்த்ததில், கர்ப்பப்பை காலி. ரத்தத்தில், கர்ப்ப ஹார்மோன் அளவை, 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்தனர். நல்ல கர்ப்பம் என்றால், அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஏற வேண்டும். எனக்கு, நொண்டி நொண்டி ஏறியது. குழாய் வெடிக்காமல் இருந்ததால், 'மெத்தோட்ரெக்ஸேட்' என்ற ஊசி போட்டு, கருவைக் கரைத்தனர். புற்றுநோய்க்கும் போடும் மருந்து அது. மூன்று மாதம், கர்ப்பமாகக் கூடாது என்றனர்.

இரண்டாவது, 2020 ஆகஸ்டில். கொரோனா காலம், ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போக, இ-பாஸ் வாங்க வேண்டும். ஸ்கேனுக்கு நாள் குறித்து வைத்திருந்தோம். அதற்கு இரண்டு நாள் முன், காலையில் கோலம் போடக் குனிந்தவள், நிமிரவில்லை. வயிற்றைக் கத்தியால் கிழித்தது போல் வலி. தோள்பட்டை நுனியில் வேறு, சுள்ளென்று இழுத்தது. வயிற்றில் இருப்பதற்கு, தோள் ஏன் வலிக்கிறது என்று, எனக்கே விளங்கவில்லை. உள்ளே தேங்கும் ரத்தம், மேலே ஏறி, நரம்பைத் தொட்டால், வலி தோளில் தெரியுமாம். 108க்கு போன் செய்தார் என் கணவர். திண்டுக்கல்லிலேயே ஆபரேஷன் செய்து, வலது குழாயை எடுத்தனர். ரத்தம், மூன்று பாட்டில் ஏற்றினர். மில்லில் அவரோடு வேலை பார்க்கும் பையன்கள் மூன்று பேர், அந்த ஊரடங்கில், முகக்கவசத்தோடு வந்து நின்று, ரத்த வங்கிக்கு ரத்தம் கொடுத்தனர். அவர்களில் ஒருவனுக்கு, இந்த ஆண்டு கல்யாணம். நான் தான், மணப்பெண்ணுக்குப் புடவை எடுத்தேன். சின்னாளப்பட்டி சுங்குடி.

மூன்றாவது, 2023ல், இடது குழாய். உஷாராக இருந்ததால், ஐந்தரை வாரத்திலேயே கண்டுபிடித்து, ஊசியிலேயே முடித்தனர். அப்புறம், டை செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயில், அந்தக் குழாயின் முனை அடைத்து, உள்ளே நீர் கோர்த்து, வீங்கி இருப்பது தெரிந்தது.

இதற்கெல்லாம் காரணம் என்ன என்று, தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பப்பாளி சாப்பிட்டாள், ஸ்கூட்டி ஓட்டினாள், வீட்டு வாசற்படி சரியில்லை... மதுரை டாக்டரம்மா ஒருவர் மட்டும் தான், நிதானமாக உட்கார்ந்து, 'சின்ன வயசுல, வயித்துல ஏதாவது ஆபரேஷன் நடந்ததா? டி.பி., வந்ததா? உள்ளுறுப்புல கிருமித்தொற்று ஏதாவது?' என்று கேட்டார். எனக்கு, 15 வயதில், குடல்வால் வெடித்து, சீழ் பரவி, ஆபரேஷன் செய்திருக்கிறது. 'அந்தச் சீழ் தான், குழாயை ஒட்ட வைத்திருக்கலாம்...' என்றார். அதோடு, 'குழாய்க் கர்ப்பம் வரும் பெண்களில், பாதிப் பேருக்கு, எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடிவதில்லை...' என்றும் சொன்னார். அதைக் கேட்டு விட்டு வந்த அன்று தான், அத்தை, பப்பாளிப் பேச்சை விட்டார்.

ஒரு முறை இப்படி வந்தவர்களில், 10 பேரில் ஒருவருக்குத் திரும்ப வருகிறதாம். இரண்டு முறை வந்து விட்டால், நான்கில் ஒருவருக்காவது மறுபடியும் வரும் என்கின்றனர். எனக்கு, மூன்று முறை வந்து விட்டது. 'இனி இயற்கையாக முயற்சி செய்வது, உங்கள் உயிரோடு விளையாடுவது...' என்று சொல்லித் தான், டாக்டரம்மா, ஐ.வி.எப்., பேச்சை எடுத்தார்.

இப்போது, அத்தையின் கேள்விக்கு வருகிறேன். டெஸ்ட் டியூப் பேபி என்கிறோமே தவிர, குழந்தை, டியூப்பில் வளர்வதில்லை. கருக்குழாய் செய்ய வேண்டிய வேலையை, ஒரு கண்ணாடித் தட்டில் செய்கின்றனர், அவ்வளவு தான். மாதவிலக்கான இரண்டாம் நாள் வாக்கில் இருந்து, 10, 12 நாட்கள், தினமும் ஊசி போட்டு, ஒன்றுக்குப் பதில், பல முட்டைகளை முதிர வைக்கின்றனர். நடுநடுவே ஸ்கேன். கடைசி ஊசி போட்டு, சுமார் 36 மணி நேரத்தில், மயக்கம் கொடுத்து, ஊசி வழியே முட்டைகளை உறிஞ்சி எடுக்கின்றனர். கணவரின் உயிரணுவோடு சேர்த்து, மூன்று அல்லது ஐந்து நாட்கள் வளர்த்து, மெல்லிய குழல் மூலம், நேராகக் கர்ப்பப்பைக்குள் வைத்து விடுகின்றனர். கரு, பழுதான பாதையில் நடக்க வேண்டியதே இல்லை. கொண்டு போய், வீட்டு வாசலில் இறக்கி விடுவது மாதிரி.

இந்த வைத்தியமே, எங்களைப் போல் குழாய் கெட்டுப் போனவர்களுக்காகத் தான் வந்தது என்று தெரிந்தபோது, எனக்கு ஒரு தைரியம் வந்தது. உலகின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை, லூயிஸ் பிரவுன், இங்கிலாந்தில், ஓல்டாம் நகர ஆஸ்பத்திரியில், 1978 ஜூலை 25ல் பிறந்தது. அந்தத் தாய் லெஸ்லிக்கு, இரண்டு குழாயும் அடைப்பு. ஒன்பது ஆண்டுகள், குழந்தைக்காகக் காத்திருந்தவர். கணவர், ரயில்வேயில் வேலை. நம்மைப் போல் சாதாரணக் குடும்பம் தான்.

அதை விட, என் மனதில் தைத்தது, அதற்கு முன் நடந்தது. டாக்டர் ஸ்டெப்டோவும், விஞ்ஞானி எட்வர்ட்சும், எத்தனையோ பெண்களிடம் முயன்று தோற்ற பின், முதன் முதலாக ஒரு பெண் கர்ப்பமானார். அந்தக் கரு எங்கே தங்கியது தெரியுமா? குழாயில்! கர்ப்பப்பையில் வைத்த கரு, பின்னால் நகர்ந்து, குழாய்க்குள் போய் விட்டது. அதையும் எடுக்க வேண்டியதாயிற்று. 1976ல், மருத்துவ இதழில், அவர்களே இதை எழுதியிருக்கின்றனர். பெயர் தெரியாத அந்தப் பெண்ணை, நான் அடிக்கடி நினைத்துக் கொள்வேன். எட்வர்ட்சுக்கு, 2010ல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டெப்டோவும், அவர்களுடன் ஆய்வுக்கூடத்தில் பாடுபட்ட நர்ஸ் ஜீன் பர்டியும், அப்போது உயிருடன் இல்லை.

நம் நாடும், இதில் பின்தங்கவில்லை. லூயிஸ் பிறந்து, சரியாக 70 நாள் தான். 1978 அக்டோபர் 3ல், கோல்கட்டாவில், டாக்டர் சுபாஷ் முகர்ஜி முயற்சியால், ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா என்று பெயர். அந்தத் தாய்க்கும், குழாயில் தான் கோளாறு. ஆனால், அவரை யாரும் நம்பவில்லை. அரசு போட்ட கமிட்டியே, பொய் என்று சொல்லி விட்டது. 1981ல், அவர் தன் உயிரை மாய்த்துக் கொண்டார். 1986ல், மும்பையில் பிறந்த குழந்தையைத் தான், பல ஆண்டுகள், இந்தியாவின் முதல் குழந்தை என்றனர். அந்த மும்பைக் குழந்தைக்காக உழைத்த விஞ்ஞானி ஆனந்த குமாரே, 1997ல், முகர்ஜியின் குறிப்புகளைப் படித்து விட்டு, 'அவர் தான் முதல்' என்று வெளிப்படையாகச் சொன்னார். தனக்கு வந்த பெயரை, இறந்தவருக்கு விட்டுக் கொடுக்க, எத்தனை பேருக்கு மனசு வரும்! சென்னையில், நடிகர் ஜெமினி கணேசனின் மகள், டாக்டர் கமலா செல்வராஜ், 1990ல் இதைச் செய்து காட்டினார். தென்னிந்தியாவிலேயே, அது தான் முதல்.

கதை நன்றாகத் தான் இருக்கிறது. கணக்கு, அப்படி இல்லை. எங்களுக்குச் சொன்ன தொகை, ஊசி, மருந்தோடு சேர்த்து, ஒரு முறைக்கு, 2 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். அது போக, ஆபரேஷன் செலவு தனி. மதுரைக்கு அலையும் பஸ் காசு, அவருக்குச் சம்பளம் போகும் நாட்கள், இதெல்லாம் யாரும் எழுதிக் காட்ட மாட்டார்கள். ஏலச்சீட்டில், ஒன்றரை லட்சம் இருக்கிறது. என் நகையில் ஐந்து பவுன், பாங்கில் வைக்கப் போகிறோம். 'ஏன் சங்கிலியையும் எடுத்துக்க தாயி...' என்றார் அத்தை. வேண்டாம் என்று விட்டேன்.

இத்தனையும் கொட்டி, பலிக்கும் என்று உறுதி உண்டா என்றால், இல்லை. பிரிட்டனில், இதைக் கண்காணிக்கும் அரசு அமைப்பே, ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. அதன்படி, 35 வயதுக்குக் குறைந்த பெண்களுக்கே, வைக்கும் கருவில், ஏறக்குறைய மூன்றில் ஒன்று தான் குழந்தையாகிறது. 40 வயது தாண்டினால், பத்தில் ஒன்று. நம்மூர் விளம்பரப் பலகைகளில், தொட்டிலும், கொழு கொழு குழந்தையுமாகப் போட்டிருப்பதைப் பார்த்தால், போனவுடன் கையில் கொடுத்து விடுவார்கள் போலத் தோன்றும். 'எத்தனை சதவீதம் வெற்றி' என்று கேட்டால் போதாது. 'என் வயசுல, உங்ககிட்ட வந்தவங்கள்ல, எத்தனை பேர் குழந்தையோட வீட்டுக்குப் போனாங்க?' என்று கேட்க வேண்டும். சிலர், ரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்ததையே, வெற்றி என்று எண்ணிக் காட்டுவர். மூன்று முறை கர்ப்பம் என்று வந்த எனக்கு, அந்தக் கணக்கு எதற்கு?

2021ல், இதற்கென்றே தனிச் சட்டம் வந்திருக்கிறது. 2022 ஜனவரியில் இருந்து அமலில் உள்ளது. பதிவு செய்யாத மையம், இந்த வைத்தியம் செய்யக் கூடாது. பதிவிலும், முதல் நிலை, இரண்டாம் நிலை என்று உண்டு. முதல் நிலை மையத்தில், ஐ.வி.எப்., செய்யக் கூடாது. பெண்ணுக்கு, 50 வயது வரையும், ஆணுக்கு, 55 வயது வரையும் தான் அனுமதி. கணவன், மனைவி இருவரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். ஆணா, பெண்ணா என்று பார்த்து வைப்பது, குற்றம். இதை, என் நாத்தனாருக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. 'அவ்வளவு காசு குடுக்கிறோம்... ஆம்பளப் புள்ளையா வைக்கச் சொல்லக் கூடாதா மதினி?' என்றாள். அவளுக்கு, இரண்டும் பெண்!

'வேற யாரோடதையாவது கலந்துருவாங்களாமே...' என்று காதைக் கடித்தவர்களும் உண்டு. முட்டை என்னுடையது; உயிரணு, என் கணவருடையது. கையெழுத்துப் போடும் தாளில் அது எழுதியிருக்கும். ஒவ்வொரு வரியையும் படித்து விட்டுத் தான் போடப் போகிறேன். படிக்கத் தெரிந்தும், 'போடுங்கம்மா... போடுங்க' என்பதற்காகப் போடுவதில் எனக்கு இஷ்டமில்லை.

இவ்வளவும் பேசி, மனம் ஒரு வழியாகத் தேறிய நேரத்தில் தான், டாக்டரம்மா, இன்னொன்றைச் சொன்னார். 'ஐ.வி.எப்., செய்வதற்கு முன், இடது குழாயையும் எடுத்து விட வேண்டும்...'

அதில் கோர்த்திருக்கும் நீர், கர்ப்பப்பைக்குள் கசியுமாம். வைக்கிற கருவை, ஒட்ட விடாதாம். அந்தக் குழாயை அப்படியே வைத்துக் கொண்டு செய்தால், பலிக்கும் வாய்ப்பு, ஏறக்குறைய பாதியாகி விடும் என்றார். பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்கு ஆனது போல், கரு மறுபடியும் குழாய்க்குள் போகிற ஆபத்தும் இருக்கிறது.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, வாடிப்பட்டி தாண்டும் வரை, நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கெட்டுப் போன குழாய் தான். அதனால் பட்டது போதும் என்று, அறிவுக்குத் தெரிகிறது. ஆனால், அது ஒன்று உள்ளே இருக்கும் வரை, 'ஒருவேளை...' என்று ஒன்று இருந்தது. எடுத்து விட்டால், இனி என் உடம்பில், தானாகக் கர்ப்பம் என்பதே கிடையாது. ஐ.வி.எப்., தோற்றால், திரும்பி வர வழி இல்லை. இரண்டு லட்சம் ரூபாயை விட, இது தான், எனக்குப் பெரிய தொகையாகத் தெரிந்தது.

வீட்டில் சொன்னதும், அத்தை அழுதார். 'இருக்குற ஒரு வாசலையும் அடச்சுப்புட்டா, சாமி எப்படித்தா உள்ள வரும்?' என்றார்.

என் கணவர், அம்மாவை எதிர்த்துப் பேசுபவர் அல்ல. அன்று, சாப்பிட்டுக் கொண்டிருந்தவர், கையைக் கழுவாமலேயே சொன்னார்: 'மூணு தடவ வந்த சாமி, வெறுங்கையோட தான் வந்துச்சு. இவளக் கூட்டிட்டுப் போறதுக்கா, வாசலத் தொறந்து வைக்கச் சொல்ற? எனக்குப் புள்ள இல்லாட்டியும் பரவாயில்ல... பொண்டாட்டி வேணும்.'

அத்தை, அதன் பின் எதுவும் பேசவில்லை. ஆனாலும், முடிவு என்னுடையதாகத் தான் இருக்க வேண்டும் என்று, ஒரு மாதம் கேட்டு வாங்கிக் கொண்டேன். இது வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் அல்ல என்பதால் எழுதுகிறேன்... 2023க்குப் பின், எங்கள் வீட்டில், நாள் இரண்டு தள்ளினாலே, சந்தோஷத்துக்கு முன், பயம் வந்து உட்கார்ந்து கொள்கிறது. நான், விரலால் அடிவயிற்றை அழுத்தி அழுத்திப் பார்ப்பேன். அவர், மில்லில் இருந்து, மணிக்கு ஒரு தரம் போன் செய்வார். மாதவிலக்கு வந்து விட்டால், 'அப்பாடா' என்று மூச்சு விட்டு, அடுத்த நிமிடம் அழுவேன். கணவன் – மனைவியாக இருப்பதற்கே, எங்களுக்குப் பயம். இதற்குப் பெயர் நம்பிக்கையா? ஒரு மாதம் யோசித்ததில், அந்தக் குழாய் எனக்குத் தருவது, வழி அல்ல. பயம் தான் என்று பட்டது. எடுத்து விடச் சொல்லி விட்டேன்.

ஐ.வி.எப்., எவ்வளவு தூரம் போவது என்பதையும், முன்னாலேயே பேசி முடித்து விட்டோம். முட்டை எடுப்பது, ஒரே ஒரு முறை. அதில் உருவாகிற கருக்களை, உறைய வைத்துக் கூட, ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பது. அவை தீர்ந்தால், முடிந்தது. 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று, வீட்டை விற்றவர்களை, ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்திருக்கிறேன். காசு கட்டிய பின், இந்தப் பேச்சு, மனசுக்கு ஏறாது. ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று கருக்களை வைக்கச் சொல்லிக் கேட்பதும் வேண்டாம் என்று இருக்கிறோம். இரட்டைக் குழந்தை, பார்க்க அழகு தான். சுமக்கிறவளுக்கும், குறை மாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கும், அது ஆபத்து.

'இவ்வளவு கஷ்டம் எதுக்கு... தத்து எடுக்கலாமே?' என்று, நல்ல மனதோடு கேட்பவர்களுக்கு ஒன்று. எடுப்போம். ஆனால், அதற்கும், மத்திய அரசின், 'காரா' அமைப்பில் பதிவு செய்து, வரிசையில் காத்திருக்க வேண்டும். 'ஒரு நர்ஸ் இருக்காங்க, சொல்லி வைக்கட்டுமா?' என்று, பணம் பேசி, பிறந்த குழந்தையைக் கை மாற்றுவது, சட்டப்படி குற்றம். பதிவு செய்வதற்கான தாள்களை, என் கணவர் எடுத்து வைத்து விட்டார். ஐ.வி.எப்., தோற்றால் என்று அல்ல. அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

சகோதரிகளே, உங்களுக்கோ, உங்கள் பெண்ணுக்கோ, மருமகளுக்கோ, நாள் தள்ளியிருந்து, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, கறுத்த உதிரம், தோள் நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம் என்று எது வந்தாலும், கஷாயம் வைத்துக் கொடுத்து, காலை வரை பார்க்காதீர்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டு கோடு வந்தால், கர்ப்பம் என்று மட்டும் தான் தெரியும். எங்கே என்று தெரியாது. அதை, ஸ்கேன் தான் சொல்லும். கேட்டு வாங்குங்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கூட, அபூர்வமாகக் கர்ப்பம் நிற்பது உண்டு; அப்படி நின்றால், அது குழாயில் நிற்க வாய்ப்பு அதிகம். 'எனக்குத் தான் ஆபரேஷன் ஆகி விட்டதே...' என்று, நாள் தள்ளியதையே கண்டுகொள்ளாமல் இருந்து, ரத்தம் இல்லாமல் வெளுத்துப் போய் வந்த ஒரு அக்கா, 2020ல், எனக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார். மூன்று பிள்ளைகளுக்குத் தாய்.

ஐ.வி.எப்., செய்து கொண்டவர்களும், அலட்சியமாக இருக்க முடியாது. இரண்டு குழாயையும் எடுத்த பின் கூட, கர்ப்பப்பையோடு ஒட்டி மிச்சம் இருக்கும் சின்ன முனையில், கரு தங்குவது, அரிதாக நடக்கிறது. கரு வைத்து, இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை. அது நல்லபடி வந்தாலும், ஆறு, ஏழு வாரத்தில் ஸ்கேன் பார்த்து, கர்ப்பப்பைக்குள் தான் இருக்கிறது என்று கண்ணால் பார்க்கும் வரை, யாருக்கும் இனிப்புக் கொடுக்கப் போவதில்லை என்று, அத்தையிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். முட்டைக்காக ஊசி போடும் நாட்களில், வயிறு உப்பி, மூச்சு வாங்கினால், உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்பதையும், எழுதி, சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

ஆடி கழிந்து, ஆவணி முதல் வாரம் ஆபரேஷன். லேப்ராஸ்கோப் முறை என்பதால், ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்து விடலாம் என்றனர். தீபாவளிக்குப் பின், ஊசி ஆரம்பம்.

இரண்டு குழாயையும் எடுத்த பின், ஐ.வி.எப்., செய்து கொண்ட சகோதரிகள், இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். எப்படி இருந்தது என்று, இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். குழந்தை கிடைத்தவர்கள் மட்டும் அல்ல. கிடைக்காமல் நிறுத்திக் கொண்டவர்களும். நிறுத்திய பின், வீட்டில் என்ன பேசிக் கொண்டீர்கள் என்பது, எனக்குத் தெரிய வேண்டும்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.